பற்றைக்காட்டுக்குப் பிரெஞ்சில் ஒரு பெயர்

1

களைப்பைப் பற்றி எழுதாதே, ஊரில் இருக்கிறவர்களுக்கு அது இல்லையா என்று என் கணவர் சொல்வார். உண்மைதான். ஆனாலும் மெல்பேர்னில் வருகிற களைப்பு ஒரு தினுசு. படுத்தெழும்பினாலும் போகாது. காலையில் எங்களோடு காரில் ஏறி வேலைக்கும் வரும். அந்தக் களைப்போடுதான் இந்த வருடத் தொடக்கத்தில் ஒருநாள் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மல்கிரேவில் நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தின் சீருடையை மாற்றக்கூட நேரம் கிடைக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் அன்று பிரெஞ்சு மாலை. பிரெஞ்சு படிக்கிற பிள்ளைகள் மேடையில் ஏறிப் பேசுவார்கள், நாங்கள் கை தட்டவேண்டும், பிறகு கேக்கும் சீஸும் தருவார்கள். எங்கள் மகள் அபி ஏன் பிரெஞ்சு படிக்கிறாள் என்று என்னைக் கேட்காதீர்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனோம். ஐந்தாம் வகுப்போடு "போதும் அம்மா" என்று விட்டுவிட்டாள். பிரெஞ்சை மட்டும் யாரும் இழுக்காமலே படிக்கிறாள்.

எனக்குப் பிரெஞ்சில் நன்றி சொல்ல மட்டும் தெரியும். அதனால் அவள் பேசத் தொடங்கியதும் முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டு, அடுத்த நாள் சமையலுக்குக் கத்தரிக்காய் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு படம் வந்தது. ஆளுயரத்துக்கு முட்பற்றை, பின்னால் கடல். அடுத்து, தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பொடியன்கள் சிலர் பாறைகளுக்கிடையே குந்தியிருக்கிற கறுப்பு வெள்ளைப் படம். அதற்கடுத்தது சூரைப்பற்றையும் ஈச்சையும் செம்மண்ணும். அந்த மண்ணின் நிறத்தை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அபியின் வாயிலிருந்து 'வன்னி' என்ற சொல் வந்தது.

அடுத்த படத்தில் என் தம்பி. மெல்பேர்னில் த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோவில் வாசலில், சின்ன வயது அபியைத் தோளில் வைத்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி நிற்கிறான்.

சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

2

தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் சுதன். படகில் வந்தவன். வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. நோபல் பார்க்கில் எங்கள் வீட்டின் பின்பக்கத்து அறையில் இருக்கிறான். இன்றுவரை அவனுக்கு இருப்பது தற்காலிக விசா. அதைப் புதுப்பிப்பதும், முடியப்போகிறதே என்று பயப்படுவதும், திரும்பப் புதுப்பிப்பதுமாக அவனுடைய தலைமயிர் நரைத்துவிட்டது. கோழி வெட்டுகிற பக்டரியில் வேலை. கலியாணம் மூன்று தடவை பேசிவந்தது. ஒவ்வொரு தடவையும் பெண் வீட்டார் கடைசியில் "என்ன விசா?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான், தேத்தண்ணி ஆறமுதல் எழும்பிவிட்டார்கள். அம்மா செத்தபோது நான் ஊருக்குப் போனேன். அவன் போனால் திரும்பி வரமுடியாது. கொள்ளி வைத்ததை அவன் போனில் பார்த்தான். நான்தான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவனுக்குப் பாதி நேரம் வானம்தான் தெரிந்தது.

அவனுடைய அகதிக் கோரிக்கையை முதலில் மறுத்தார்கள். கோர்ட்டுக்குப் போய், அது திரும்பி வந்து, இந்த வருடம் திரும்பவும் விசாரணை. இதுதான் கடைசி என்று எல்லோருக்கும் தெரியும். இந்த முறையும் இல்லையென்றால் பிளேன் ஏற்றிவிடுவார்கள்.

அந்த விசாரணைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போதுதான் என் மகள் மேடையில் ஏறி அவனுடைய கதையைப் பிரெஞ்சில் சொல்லிவிட்டு இறங்கினாள். அந்தக் கதை அவனுடைய வாக்குமூலத்தில் இல்லை. வன்னியில் பற்றைக்குள் ஒளிந்திருந்த அந்தக் காலத்தில், வாக்குமூலத்தின்படி அவன் வவுனியாவில் மாமி வீட்டில் இருந்தான்.

ஏன் அப்படி என்றால், எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. புதிதாக வந்தவனுக்குச் சாப்பாடும் படுக்க இடமும் கொடுப்பதோடு, அவனுடைய சீவியத்தில் எதைச் சொல்லவேண்டும், எதை வெட்டவேண்டும் என்ற புத்தியும் இலவசமாகக் கொடுப்போம். எங்கள் பக்கத்தில் அந்த வேலையைச் செய்பவரை எல்லோரும் 'விசா அண்ணை' என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுசன், ஒரு சதம் வாங்கமாட்டார். அவர்தான் அன்று சுதனைக் கதிரையில் இருத்திவைத்துச் சொன்னார்:

"தம்பி, காட்டுக்க இருந்த கதையை வாயால எடுக்கக் கூடாது. காடு எண்டாலே இவங்களுக்குப் புலி இயக்கம்தான். ஆயுதம் வைச்சிருந்தனியோ, ஆரோட நிண்டனி எண்டு கிண்டத் தொடங்கினாங்கள் எண்டால் உனக்குப் பாதுகாப்புச் சோதினை முடியாது. மாமி வீட்டில நிண்டனான் எண்டு சொல்லு. மாமி வீட்டில நிண்டவனை ஆர் என்ன கேக்கிறது?"

எங்களுக்கும் அது புத்தியாகத்தான் பட்டது.

3

காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தியதும் தொடங்கினேன்.

"ஆரைக் கேட்டு மாமான்ர படத்தைப் போட்டனி?"

"மாமாவைக் கேட்டுத்தான். ஓகே எண்டு சொன்னவர்."

"அவன் சொன்னால்? உனக்கு விசர் எண்டால் அவனுக்குமா விசர்?"

"ஏனம்மா கத்துறீங்கள்? எவ்ரிபடி லவ்ட் இட்."

வாரத்தில் இரண்டு நாள் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஏற்றி வருவது சுதன்தான். சிக்னலில் நிற்கிற நேரங்களில் அவள் கேட்டிருக்கிறாள், அவன் சொல்லியிருக்கிறான். எனக்கு வந்த கோபத்தில் பாதி அதற்குத்தான் என்று இப்போது விளங்குகிறது. எத்தனையோ வருடமாக ஒரே குசினியில் சாப்பிடுகிறோம். என்னோடு அவன் அந்தக் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை. நானும் கேட்டதில்லை.

டன்டினோங் ரோட்டில் வாகனங்கள் அசையவில்லை. அந்த நெரிசலில் அபி எனக்கு ஒரு சொல்லைச் சொல்லித்தந்தாள். பாதி இங்கிலிஷ், பாதி தமிழ். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

சொல் 'மாக்கி'. மத்தியதரைக் கடலோரங்களில் வளர்கிற பற்றைக்குப் பெயர். காடு என்று சொல்லுமளவுக்கு உயரமில்லை, வெளி என்று சொல்லமுடியாத அடர்த்தி. முள், பிசின், வெயில். உள்ளே நுழைந்தவனை வெளியே நிற்கிறவன் காணமாட்டான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரன் பிரான்ஸைப் பிடித்தபிறகு, பொடியன்கள் ஜெர்மனிக்குப் போய்ப் பக்டரிகளில் வேலை செய்யவேண்டும் என்று கட்டளை வந்தது. போகமாட்டோம் என்று ஆயிரக்கணக்கானவர்கள் மலைகளுக்கும் பற்றைகளுக்கும் ஓடினார்கள். 'மாக்கியை எடுத்தான்' என்று ஊரில் சொல்வார்களாம். பிறகு அவர்களில் பலர் ஆயுதம் எடுத்து ஜெர்மன்காரனோடு சண்டை பிடித்தார்கள். பற்றையின் பெயர் அவர்களுக்கும் வந்துவிட்டது. இன்றைக்கும் அவர்களுக்கு அங்கே நினைவுக் கல் இருக்கிறது.

"அப்ப சண்டை பிடிச்சவைக்குத்தானே அந்தப் பேர்?" என்றேன். "உன்ர மாமா சண்டை பிடிக்கேல்லையே. அவனை ஏன் அதுக்குள்ள இழுத்தனி?"

"அதைத்தானம்மா நான் பேசினனான். அவையும் முதல் ஓடினவைதானே. சண்டை பிடிக்கப் போகேல்லை. தங்களைப் பிடிச்சுக்கொண்டு போகக் கூடாது எண்டு போனவை. மாமா மாதிரி." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஓடுறதும் ஒரு 'நோ' தானே அம்மா."

பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடித்தான்.

4

அந்த நாட்களைப் பற்றி நான் எங்கேயும் எழுதியதில்லை. இப்போது கதை வெளியே வந்துவிட்டது, இனி ஒளித்து என்ன?

வீட்டுக்கு ஒரு பிள்ளை தரவேண்டும் என்று இயக்கம் கேட்ட காலம். முதலில் கேட்டார்கள், பிறகு வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். கலியாணமானவர்களை விட்டுவிடுவார்கள் என்று, வயது வந்த பிள்ளைகளுக்குத் தாய்மார் அவசரம் அவசரமாகக் கலியாணம் கட்டிவைத்தார்கள். பதினேழு வயதில் தாலியோடு திரிந்த பெட்டைகளை எனக்குத் தெரியும். எனக்கு ஏற்கெனவே கலியாணமாகி, வயிற்றில் அபி. சுதனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? மீசையே சரியாக முளைக்கவில்லை. ஒருநாள் விடிய முன்னம் அவன் பற்றைக்குள் போனான்.

ஊரில் பாதிப் பொடியன்கள் பற்றைக்குள்தான். எல்லோருக்கும் தெரியும், யாருக்கும் தெரியாது. சாப்பாடு கொண்டுபோவதுதான் பிரச்சினை. பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. அதற்கு எங்கள் ஊர்ப் பெண்கள் ஒரு வழி வைத்திருந்தோம். கன்று தேடுவது. புட்டையும் சம்பலையும் வாழையிலையில் கட்டி, விறகுக்குக் கொண்டுபோகிற சாக்குக்குள் வைத்துக்கொண்டு, "இஞ்ச வா மூதேவி! எங்கயடா போய்த் துலைஞ்சனி? உன்ர தோலை உரிக்கிறன் பார்" என்று கன்றைத் திட்டிக்கொண்டு போவோம். பற்றைக்குள் எங்கேயோ ஒரு சுள்ளி முறியும். அந்த இடத்தில் பார்சலை வைத்துவிட்டு, திட்டிக்கொண்டே திரும்பவேண்டும். ஆளைப் பார்க்க நிற்கக் கூடாது.

அந்த வருடம் எங்கள் ஊரில் தொலைந்த கன்றுகளைக் கூட்டினால், இருந்த மாடுகளைவிட அதிகமாக இருக்கும். எங்கள் வீட்டில் மாடே இல்லை. என் பக்கத்து வீட்டு மலர் அக்கா இரண்டு கன்று தேடினாள். ஒருநாள் அவளுடைய கன்றுகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அது திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகும் அவள் மற்றதைத் தேடப் போனாள், அதே குரலில் திட்டிக்கொண்டு.

5

வீட்டுக்கு வந்ததும் விசா அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"ஐயோ பிள்ளை! இன்ரர்நெற்றிலயும் போடுவாங்களோ?"

"ஓம் அண்ணை. பள்ளிக்கூடத்தின்ர பேஸ்புக் பக்கத்தில வீடியோ போடுவினமாம்."

"உடன மறியுங்கோ! ஆரோ ஒருதன்ர பழைய பேஸ்புக் படத்தையே விசாரணையில எடுத்து நீட்டினவங்கள். மாமி வீடு எண்டு சொன்னவன் பற்றைக்க நிண்டவன் எண்டால், அவன் சொன்னது ஒண்டையும் இனி நம்பமாட்டாங்கள்!"

என் கணவர் வழக்கம்போலத் தொலைக்காட்சியைப் பார்த்தபடி, "பிரெஞ்சில கிடக்கிறதை ஆர் பாக்கப்போறாங்கள்?" என்றார். அவர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

அடுத்த நாள் பிரெஞ்சு ரீச்சரிடம் போனேன். குடும்ப விஷயம், வீடியோ வேண்டாம் என்றேன். ஏன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை, சரி என்றார். இரவுச் சாப்பாட்டின்போது சுதனிடம் சொன்னேன்.

அவன் பாணைப் பிய்த்துக்கொண்டிருந்தான். "ஏன் மறிச்சனீங்கள்?" என்றான்.

"ஏனெண்டு உனக்குத் தெரியாதோ?"

"தெரியும் அக்கா. ஆனா எனக்கு அந்த மாமி வீடு அலுத்துப்போச்சு." குரல் கூட உயரவில்லை. "அந்த வீட்டுக்கு எத்தினை அறை, என்ன நிறப் பெயின்ற், கிணறு எந்தப் பக்கம் எண்டு இத்தினை வருசமாப் பாடமாக்கி வைச்சிருக்கிறன். நான் அங்க ஒரு நாள் படுக்கேல்லை. விசாரணையில உள்ளதைச் சொல்லப்போறன்."

"சொன்னால் இவ்வளவு நாளும் ஏன் பொய் சொன்னனி எண்டு கேப்பாங்கள். திருப்பி அனுப்பினால்?"

"அனுப்பினால், நான் எண்டு அனுப்பட்டும். மாமி வீட்டுப் பொடியனை எண்டு அனுப்ப வேண்டாம்."

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவினேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இமிகிரேசனுக்கு மட்டும் மறைப்பதென்றால் அவனுக்கு அந்தக் கதை இவ்வளவு பாரமாக இருந்திருக்காது. எங்கள் ஆட்களிடமும் அவன் அதைச் சொன்னதில்லை. கார்த்திகையில், போரில் செத்த மாவீரர்களுக்கு மண்டபத்தில் விளக்கேற்றுகிற நாளில், இயக்கத்துக்குப் பிள்ளையைக் கொடுத்த தாய் தகப்பன் முன்வரிசையில் இருப்பார்கள். சுதன் வாகனத் தரிப்பிடத்தில் கார்களுக்கு வழிகாட்டிக்கொண்டு நிற்பான். ஒரு வருடமும் உள்ளே வரமாட்டான். உள்ளே யாராவது "நீர் எந்தப் பக்கம் நிண்டனீர் தம்பி?" என்று கேட்டால் என்ன சொல்வது? பற்றைக்குள் ஒளித்து நின்றேன் என்றா? எங்கள் ஆட்களிடையே அப்படிப்பட்டவனுக்கு ஒரு பெயர்தான் உண்டு: ஓடினவன். செத்தவனுக்குப் பூ, ஓடினவனுக்குக் கார் தரிப்பிடம்.

வக்கீல் ஒரு இளம் பிள்ளை, இலவசமாக வழக்குப் பார்ப்பவள். சுதன் உள்ளதைச் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அவள் பேனையை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பலவந்தமாகச் சேர்ப்பதற்குப் பயந்து ஓடினது, பிறகு இயக்கம், ஆமி என்று இரண்டு பக்கமும் சந்தேகப்பட்டது, இதுதானே உங்களுடைய வழக்கு, இதையா இத்தனை வருடம் ஒளித்தீர்கள் என்று கேட்டாள். விசா அண்ணையை நான் காட்டிக்கொடுக்கவில்லை. அவரும் நல்லதுக்குத்தான் சொன்னார். நல்லதுக்குச் சொல்லிச் சொல்லியே எங்களை நாங்கள் நாசமாக்கிக்கொண்டதை இன்னொரு நாள் அவரிடம் சொல்லலாம்.

பிந்திச் சொன்னால் நம்பாமலும் விடலாம் என்று வக்கீல் எச்சரித்தாள். சாட்சிக்கு யாரும் இருக்கிறார்களா என்று கேட்டாள்.

"சாப்பாடு கொண்டுவந்தவா இருக்கிறா" என்றான் சுதன், என்னைப் பார்க்காமல்.

6

விசாரணை நகரத்தில், உயரமான கட்டடம் ஒன்றில். சுதனை முதலில் கூப்பிட்டார்கள். நான் வெளியே நெடுநேரம் இருந்தேன். அவன் வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள்.

விசாரித்தவர் கண்ணாடி போட்ட, வயதான பெண். கடுமையானவர் இல்லை. களைத்திருந்தார். அவருக்கும் அந்தக் களைப்புத்தானோ தெரியாது. மொழிபெயர்ப்பாளர் திரையில் இருந்தார். தமிழ்நாட்டுப் பெண். அவர் கேட்பதற்கு நான் சொல்வதும், நான் சொல்வதற்கு அவர் தலையாட்டுவதுமாகக் கன்று தேடின கதையெல்லாம் சொன்னேன். எங்களிடம் மாடே இருக்கவில்லை என்றபோது விசாரித்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. "உங்க தம்பி எப்பவாவது ஆயுதம் தூக்கினாரான்னு கேக்கறாங்கம்மா."

"இல்லை."

"காட்டுக்குள்ள இருந்ததை இத்தனை வருஷமா ஏன் மறைச்சீங்கன்னு கேக்கறாங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

வக்கீல் எனக்குச் சொல்லித்தந்த பதில் ஒன்று இருந்தது. தவறான ஆலோசனை, பயம், மொழி தெரியாமை என்று வரிசையாக. அந்த நேரம் ஒன்றும் வாயில் வரவில்லை. வந்தது இதுதான்:

"அம்மா, உங்களுக்குச் சொன்னால் சண்டை பிடிச்சவன் எண்டு நினைப்பியள். எங்கட ஆக்களுக்குச் சொன்னால் சண்டை பிடிக்காதவன் எண்டு நினைப்பினம். இதை ஆருக்கு நாங்கள் சொல்லுறது? அவன் ஓடினவன். பயந்து ஓடினவன். ஓடினபடியால்தான் எனக்கு இண்டைக்கு ஒரு தம்பி இருக்கிறான். என்ர பக்கத்து வீட்டு அக்காவுக்கு ரெண்டு பிள்ளையில ஒண்டு இல்லை."

திரையில் இருந்த பெண் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒவ்வொரு வசனமாக, மெதுவாகச் சொன்னார். விசாரித்தவர் எழுதினார். முடிவு தபாலில் வரும், மாதங்கள் ஆகலாம் என்றார். மாதங்கள்! எங்களுக்கு அது புதிதா? இதை எழுதுகிற இன்றுவரை ஒன்றும் வரவில்லை. தபால்காரனின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் இன்னமும் வாசலுக்கு ஓடுகிறேன்.

வெளியே வந்தேன். நடையில் போட்டிருந்த கதிரைகளில் அடுத்த விசாரணைக்கு வந்தவர்கள் இருந்தார்கள். இரண்டு குடும்பம் எங்கள் ஆட்கள். ஒருவரை நான் நோபல் பார்க் கடையில் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு நடுவில்தான் சுதன் நின்றுகொண்டிருந்தான்.

"என்ன கேட்டவை?" என்றான்.

நான் கிட்டப் போய், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "நீ ஆயுதம் தூக்கினனியோ எண்டு."

"என்ன சொன்னனீங்கள்?"

"வேற என்னத்தைச் சொல்ல? ஓடினவன் எண்டு சொல்லிப்போட்டன்."

அவன் என்னைப் பார்த்தான். கோபிப்பான் என்று நினைத்தேன்.

"ஓம், ஓடினனான்தானே" என்றான். "பற்றைக்குள்ள ஓடினனான்."

கதிரைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குரலைத் தணிக்கவில்லை.